புதுப்பிப்பு: டார்ச் சீக்கிரம் மங்கியதற்குக் காரணம் பேட்டரிதான்

போன மாதம் எழுதியிருந்தேன், இரவில் மோட்டார் போட வயலுக்கு எடுத்துப்போகும் எல்இடி டார்ச் முழு வெளிச்சத்தில் பத்து நொடி கூடத் தாங்காமல் மங்குகிறது என்று. டார்ச்சில் குறை எதுவும் இல்லை. 9900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) என்று அச்சடித்திருந்த அந்த 18650 பேட்டரியை (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள லித்தியம் செல்) தராசில் வைத்தால் 31 கிராம்தான் வந்தது, நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டுப் பார்த்தேன், 1150தான்! இந்த அளவு செல்லில் பெரும்பாலும் 3600 எம்ஏஎச் வரைதான் இருக்கும், அதை வெகுவாகத் தாண்டி எழுதியிருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமலும் காலியாகாமலும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று வைத்த செல் ஒன்று வாங்கினேன், அது 65 மில்லிமீட்டருக்குப் பதில் 69 இருந்ததால் பின்மூடி மூடவில்லை. அழுத்தித் திருகாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது 3000 எம்ஏஎச், தொடர்ந்து 15 ஆம்பியர் மின்னோட்டம் தரக்கூடியது, பாதுகாப்புச் சுற்று இல்லாதது. வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. இரண்டு நிமிடம் கழித்துக் கொஞ்சம் குறைவது சூட்டுக்காக டார்ச்சே செய்துகொள்வது, அதைப் பேட்டரிக் குறை என்று நினைக்க வேண்டாம். சுற்று இல்லாததால் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை, சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதும் இல்லை.

இரண்டு செல் வரிசையாகப் போடும் டார்ச்சில் பழையதும் புதியதும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டவே வேண்டாம். பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாக, அதாவது கூட்டல் கழித்தல் முனை மாறி, சார்ஜ் செய்யும். மூடிய அலுமினியக் குழாய்க்குள் வாயு கிளம்பினால் டார்ச் கையிலேயே வெடிக்கக்கூடும்.