பக்கத்தில் நிற்பவர் பாடுவது கேட்கவில்லை என்றால் அது ஆராதனை சவுண்டா?

மிக்ஸர் அண்ணன்:
ஏழு வருடமாகச் சபையில் சவுண்ட் பார்க்கிறேன். போன ஞாயிறு பாட்டின் நடுவில், ஹாலுக்குப் போகிற மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மெயின் ஃபேடரை 4 டெசிபல் இறக்கினேன், அவ்வளவுதான். அடுத்த சரணத்தில் சபையார் பாடுவது கடைசியில் இருக்கிற என் மேசை வரைக்கும் கேட்டது, அதுவரை கேட்கவே இல்லை. ஆராதனை முடிந்ததும் பாட்டு நடத்துகிற தம்பி வந்து, சத்தத்தைக் குறைத்ததில் உயிரே போய்விட்டது என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழாத அளவுக்கு வைத்தால் அது கச்சேரி சவுண்ட். சபையில் பாட வேண்டியவர்கள் சபையார்தான்.

கீபோர்டு தம்பி:
அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் நன்றாகப் பாடுகிறவர்களை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். சுருதி சேராதவர், புதிதாக வந்து கடைசி வரிசையில் கூச்சத்தோடு நிற்பவர், இவர்கள் தன் குரல் தனியாகக் கேட்கும் என்று தெரிந்தால் வாயே திறக்க மாட்டார்கள். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் கீழே தாங்கிப் பிடிக்கும்போதுதான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான்.

மிக்ஸர் அண்ணன்:
கூச்சம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் துணையாக இருப்பது எது? மெட்டு தெளிவாகக் கேட்பதும் சுற்றி நாலு பேர் பாடுவதும். முன்னணிக் குரல் மேலே தெரியும்படி வைத்துவிட்டு, கிட்டாரையும் கீபோர்டில் நீளமாக ஒலிக்கிற பேடையும் கொஞ்சம் பின்னால் தள்ளினால் மொத்தச் சத்தம் குறைந்தாலும் பிடிமானம் போகாது. அப்புறம் காது விஷயம். வேலையிடங்களுக்குச் சொல்லப்படுகிற ஒரு கணக்கு உண்டு: 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். நம் துதி வேளை 15 நிமிடத்திலா முடிகிறது? முன் வரிசையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிரம்ஸ் வாசிக்கிறவன்:
இரண்டு பேரும் மெயின் ஃபேடரைப் பற்றியே பேசுகிறீர்கள். சின்ன ஹாலில் மைக்கே வைக்காமல் நான் சாதாரணமாக வாசித்தாலே 100 டெசிபலைத் தொட்டுவிடும். அதற்கு மேல் தன் குரல் கேட்க வேண்டும் என்று பாடகர் வெட்ஜை, அதாவது மேடையில் அவரைப் பார்த்து வைத்திருக்கிற ஸ்பீக்கரை, ஏற்றச் சொல்வார், அதைப் பார்த்து கிட்டார்காரர் ஆம்ப்பை ஏற்றுவார், கடைசியில் ஹாலுக்கும் அதற்கு மேல் கொடுத்தாக வேண்டும். சத்தம் ஆரம்பிப்பது மேடையில்.

மிக்ஸர் அண்ணன்:
சரியாகச் சொன்னீர்கள். ஒரு ஒத்திகையில் மெயினை முழுக்க மூடிவிட்டு ஹாலில் நடந்து பார்த்தேன், மேடைச் சத்தமே ஹாலை நிரப்பியிருந்தது. அதுவும் தெளிவில்லாத சத்தம். வெட்ஜின் முதுகுப் பக்கம் மேல் அலைவரிசைகள் வராது, அடிச்சத்தம் மட்டும் சுற்றிக்கொண்டு வெளியே வரும், அதனால்தான் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சேறு மாதிரி குழம்பிக் கிடக்கிறது. அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கிற மெயின் ஈக்யூவில் எவ்வளவு வெட்டினாலும் போகாது, ஏனென்றால் அது மெயினிலிருந்து வரவே இல்லை. வெட்ஜைக் குறைத்துவிட்டு எல்லாரும் காதுக்குள் மாட்டிக் கேட்கிற இன்-இயருக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கீபோர்டு தம்பி:
இன்-இயர் போட்டுப் பார்த்தேன், மூன்று வாரத்தில் கழற்றிவிட்டேன். காதை அடைத்துக்கொண்டு தனி அறையில் வாசிப்பது போல இருந்தது. சபை பாடுகிறதா, அழுகிறதா, அமைதியாக நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சபையார் குரலுக்காகப் பேசுகிற நீங்களே எனக்கு அதை அடைக்கச் சொல்கிறீர்களே!

மிக்ஸர் அண்ணன்:
அது நியாயமான குறை, தவறு சவுண்ட் பார்க்கிறவருடையது. மேடை ஓரம் இரண்டிலும் சபையைப் பார்த்து ஒவ்வொரு மைக் வைத்து, அதை உங்கள் காதுக்கு மட்டும் அனுப்ப வேண்டும், மெயினுக்குப் போகவே கூடாது. அது இல்லாமல் இன்-இயர் கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாவது வரிசை:
நான் மேடையிலும் இல்லை, மிக்ஸரிலும் இல்லை. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி. பாட்டு எப்படியோ போகட்டும், பிரசங்கம் அவருக்குப் புரிவதில்லை. சொன்னால் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், இன்னும் மோசமாகிறது. பாட்டுக்குப் போட்ட எக்கோ போதகர் மைக்கிலும் அப்படியே ஓடுகிறது.

மிக்ஸர் அண்ணன்:
சகோதரி, இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். பேச்சில் சொல்லைப் பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகள், அவை பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. பிரசங்கம் ஆரம்பித்ததும் எக்கோவை மூடி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மேடையில் திறந்து கிடக்கிற மற்ற மைக்குகளை எல்லாம் மியூட் செய்யச் சொல்லுங்கள். திறந்த மைக் இரட்டிப்பானால் ஃபீட்பேக் என்கிற கீச்சொலி வருவதற்கு முன் சத்தத்தைக் கூட்டக் கிடைக்கிற இடத்தில் 3 டெசிபல் போய்விடும். அம்மாவின் கருவியில், லூப் கம்பியிலிருந்து ஒலியை எடுக்கிற டி (T) என்ற நிலை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஹாலைச் சுற்றி ஒரு லூப் கம்பி போட்டு மிக்ஸரிலிருந்தே நேராக அவர் காதுக்குக் கொடுக்கலாம்.

கீபோர்டு தம்பி:
சபை மைக் வைத்துத் தந்தால் இன்-இயரை இன்னொரு மாதம் போட்டுப் பார்க்கிறேன், வெட்ஜையும் விட்டுத் தருகிறேன். ஆனால் அந்த 4 டெசிபலை ஆரம்பப் பாட்டில் இறக்காதீர்கள் அண்ணா, எல்லாரும் பாட ஆரம்பித்த பிறகு இறக்குங்கள். அதில் நான் மாற மாட்டேன்.