வீட்டுக் கணினிக்கு எந்த சி கம்பைலர்? உங்கள் அனுபவம்

அல்சூர் அப்பா:
மகள் வீட்டில் ஜிசிசி என்ற கம்பைலரில் (சி மொழியில் எழுதிய நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றும் மென்பொருள்) ஃபாக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்குவது) எழுதினாள். 8 கொடுத்தால் 40320, சரியான விடை. அதே நிரலைக் கல்லூரி லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் ஓட்டினால் -25216! ஃபாக்டோரியலில் மைனஸ் எங்கிருந்து வரும்? மேடம் எட்டிப் பார்த்துவிட்டு "லாஜிக் தப்பு, திருப்பி எழுது" என்று நகர்ந்துவிட்டார். 7 கொடுத்தபோது 5040 ஒழுங்காகத்தானே வந்தது? டர்போ சியில் இன்ட் என்ற முழு எண் வகை வெறும் 16 பிட், 32767-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனசுக்குப் போய்விடும். பிள்ளை அன்று சாப்பிடக்கூட இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேஆர் புரத்தான்:
மேடத்தை ஏன் சார் இழுக்கிறீர்கள்? இன்டுக்குப் பதில் பெரிய எண்ணுக்கான லாங் போட்டு, அச்சிட %எல்டி கொடுத்திருந்தால் டர்போ சியிலேயே 40320 வந்திருக்கும். எஸ்பி ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மெஷினில் என் பையன் அதில்தான் படித்தான். படம் வரையத் தொடங்கும் இனிட்கிராஃபில், கோப்பு இருக்கும் பாதைக்கு ஒற்றைச் சாய்கோடு போட்டுவிட்டு, "கிராஃபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு" என்று வந்ததும் முழித்தான் பாருங்கள்! பாதையில் வரும் '\டி' டேப் ஆகிவிடும், '\பி' பேக்ஸ்பேஸ் ஆகிவிடும், அப்புறம் பாதை எங்கே இருக்கும்? இரட்டையாக்கியதும் திரையில் வட்டம் வந்தது. ஜிசிசியில் இப்படிப் படம் வரைய கிராஃபிக்ஸ்.எச் உண்டா?

ஒயிட்ஃபீல்டு தம்பி:
நான் நிரல் எழுத உதவும் கோட்பிளாக்ஸ் மென்பொருளைப் போட்டு, கம்பைலரே இல்லை என்று அது சொன்னதும் அரை நாள் அல்லாடினேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் அண்ணா, 64 பிட் விண்டோசில் அந்த டர்போ சி நேராகத் திறக்கவே திறக்காது, பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். டர்போ சி வந்ததும் 1987, ஜிசிசி வந்ததும் 1987. அது எப்போதோ நின்றுவிட்டது, இது இன்னும் வளர்கிறது. வீட்டுக்கு ஜிசிசிதான். கோட்பிளாக்ஸ் வேண்டுமென்றால் பெயரில் மிங்டபிள்யூ (விண்டோசுக்கான ஜிசிசி) இருக்கும் பொதியை இறக்குங்கள், மற்றதில் கம்பைலர் வராது. கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளைக் காட்டும் '-வால்' (-Wall) சேர்க்கச் சொல்லுங்கள்; உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃபில் & குறி விட்டுப்போனால் ஓடுவதற்கு முன்பே கத்தும். நிரல் தொடங்கும் இடத்தில் வாய்ட் மெயின் வேண்டாம், இன்ட் மெயின் எழுதட்டும். திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன், விசை அழுத்தக் காத்திருக்கும் கெட்சிஎச் இரண்டையும் கையோடு எடுத்துவிடுங்கள். லேப் தேர்வு டர்போ சியில் என்றால் முந்தின வாரம் மட்டும் டாஸ்பாக்சில் பழகினால் போதும்.

கேஆர் புரத்தான்:
இவ்வளவு எழுதினீர்களே தம்பி, நான் கேட்ட கிராஃபிக்ஸ்.எச்?