பழைய டெசோரோ மெட்டல் டிடெக்டர்: பாலாற்று மணலில் ஓயாத சத்தம், ஒரு ரூபாய் காசு மட்டும் கேட்கவில்லை

காட்பாடி_கம்மல்:
செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெசோரோ சில்வர் சேபர் மைக்ரோமேக்ஸ், 8 அங்குல காயில் (தரைமேல் ஆட்டும் வட்டத் தட்டு). காற்றில் பிடித்தால் அமைதி. விருதம்பட்டு பக்கம் ஆற்று மணலில் காயிலை இறக்கினால் படபடவென்று அடிக்கிறது. டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் குமிழ்) பாதியில் வைத்து, ஒரு ரூபாய் காசை நாலு விரல் ஆழத்தில் புதைத்தால் சத்தமே இல்லை. போர்டு போய்விட்டதா? மணலில் தொலைந்த கம்மல், மோதிரம் தேடத்தான் வாங்கினேன்.

சாலிடர்புகை:
போர்டு மேல் பழி போடாதீங்க சார். 1990-களிலிருந்து வரும் ஒரு ரூபாய் காசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்தை வைத்துப் பாருங்க, ஒட்டும். இரும்பை ஒதுக்கச் சொல்லிக் குமிழைத் திருப்பிவிட்டு இரும்பைப் புதைத்தால் எப்படிக் கேட்கும்? மஞ்சள் நிற 5 ரூபாயை வைத்துச் சோதியுங்க. காயிலை ஆட்டிக்கொண்டே இருக்கணும், டிஸ்கிரிமினேஷன் மோடில் ஆட்டத்தை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும்.

மணல் சத்தத்துக்கு முதலில் காயிலின் அடி மூடியைக் கழற்றுங்க. மூடிக்கும் காயிலுக்கும் நடுவே காந்தத்தில் ஒட்டும் கருமணல் புகுந்து தங்கிவிடும். தட்டும்போதெல்லாம் அது நகர்ந்து பொய்ச் சத்தம் கொடுக்கும். கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்க. அடுத்து கேபிள். முதல் சுற்று தண்டின் மேல்பக்கமாக வந்து இறுக்கமாக இருக்கணும். தொங்கி ஆடினாலும் இதே கதைதான். செட்டை அசையாமல் வைத்து, காயிலுக்குள் கேபிள் நுழையும் இடத்தை மட்டும் வளைத்துப் பாருங்க. அப்போது அடித்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது.

ஆற்காட்டு_அலை:
பேட்டரியை யாரும் கேட்கவில்லையே. கடையில் 9 வோல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் 6எஃப்22 தருவார்கள், அது கார்பன் ஜிங்க். உறையில் 6எல்ஆர்61 என்றிருந்தால்தான் அல்கலைன். யுஎஸ்பி சார்ஜ் வகை லித்தியம் வேண்டாம். உள்ளே வோல்டேஜைக் கூட்டும் சர்க்யூட்டின் இரைச்சல் நேரே ரிசீவருக்குள் போகும்.

குமிழ் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இருபது முப்பது தரம் முழுக்கத் திருப்புங்கள். துரு எடுக்கிற ஸ்பிரே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் அடித்தால் மண்தான் காரணம். காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலில் இழுங்கள். கொத்தாகக் கருமணல் ஒட்டும் இடத்தில் சென்சிடிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்கி, காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கி ஆட்டுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், காது பிழைக்கும். மண்ணின் தாக்கத்தைச் சமன் செய்யும் டிரிம்மர் (சின்னத் திருகு) பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் தொடுவது கடைசி வழி. தொடும் முன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி_கம்மல்:
மூடிக்குள் ஒரு கரண்டி கருமணல்! கழுவியபின் பாதி அடங்கிவிட்டது. 5 ரூபாயும் கேட்கிறது. கம்மலுக்கு டிஸ்கிரிமினேஷன் எவ்வளவு?

சாலிடர்புகை:
குறைந்தபட்சம். சின்னத் தங்கமும் சிகரெட் பெட்டி ஃபாயிலும் இதற்கு ஒன்றுதான். ஃபாயிலை ஒதுக்கினால் கம்மலும் போச்சு. பான் பாக்கெட்டையும் சேர்த்துத்தான் தோண்டணும், வேறு வழியில்லை. மெல்லிய சங்கிலி இன்னும் மோசம், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிவதால் பல நேரம் கொக்கி மட்டும்தான் கேட்கும்.

மலைக்கோடி:
ஆற்றோடு நிறுத்திக்கொள்ளுங்க ப்ரோ. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே தோண்டினால் வழக்குதான். வேறு எங்கேயாவது புதையல் மாதிரி ஏதாவது கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கணும். அந்தப் பத்து ரூபாய் வரம்பை இன்னும் யாரும் மாற்றவில்லை.