பிரேக் பேட் மட்டும் மாற்றினால் போதுமா? பேட், டிஸ்க் மாற்றியவர்களின் அனுபவங்கள்

திருவொற்றியூரிலிருந்து

முன்சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்க்கை இருபுறமும் நெருக்கி நிறுத்தும் உராய்வுக் கட்டை) போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த கண்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன், பெடல் என் பாதத்தைத் திருப்பித் தள்ளுவதுபோலத் துடித்தது, ஸ்டீயரிங் கையில் உதறியது. வண்டி நின்றபோது லாரியின் பின்தடுப்புக் கம்பிக்கும் என் பானட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கலாம். பின்னிருக்கையில் அம்மா இருந்தார்.

பேட் மாற்றிய அன்றே டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்திருந்தேன். பேட் படாத வெளிவிளிம்பு வரப்புபோல எழும்பி நின்றது. நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்தால் அதில் மாட்டியது. கேட்டதற்கு, "டிஸ்க் இன்னும் ஓடும், பேட் மட்டும் போதும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். செலவை நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். தேய்ந்த டிஸ்க்கில் புதுப் பேட் போட்டதுதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

காசிமேட்டிலிருந்து

என் வண்டி இரவெல்லாம் நிற்பது கடலோரத் தெருவில். சக்கரத்தின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்த்தால் வெளிப்பக்கப் பேட் பாதிக்குமேல் மீதி தெரிந்ததால், இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று நம்பியிருந்தேன். பிறகு ஒரு நாள் கரகரவென்று இரும்பு அரைபடும் ஓசை கேட்டது. மெக்கானிக் அண்ணன், பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, இரண்டு பேடையும் என் உள்ளங்கையில் அடுத்தடுத்து வைத்தார். ஒன்று 6 மி.மீ. தடிமன். உள்பக்கத்தில் இருந்த மற்றதில் உராய்வுப்பொருள் துளிக்கூட இல்லை. பின்தகடு மட்டும் வெள்ளிபோல மின்னியது. அந்த இரும்புதான் அதுவரை டிஸ்க்கை உழுதுகொண்டிருந்திருக்கிறது.

காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரும்புத் தண்டான பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உப்புக்காற்றும் மழைநீரும் உள்ளே போய், அந்தத் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகராததால் பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உள்பக்கத்துப் பேட் ஒன்றே எல்லா அழுத்தத்தையும் தாங்கியிருக்கிறது. வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து யாரும் நிம்மதி அடையாதீர்கள். பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பெரம்பூரிலிருந்து

திருவொற்றியூர் நண்பர் பெரிய ஆபத்திலிருந்து தப்பியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் காரணத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. விளிம்பில் வரப்பு இருப்பது தேய்மானத்தின் அடையாளம். அதனாலேயே பெடல் துடிக்காது. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாவிட்டால்தான் துடிக்கும். எனக்குப் புத்தம்புதிய டிஸ்க் போட்ட பிறகும், இரண்டாயிரம் கிலோமீட்டருக்குள் துடிப்பு வந்தது. கழற்றிப் பார்த்தால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) முகத்தில் கடுகளவு துருச்சில்லு ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசி, அந்த இடம் மட்டும் மெலிந்துவிட்டது. 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே மாற்றப்போகிறவர்கள் பொறுமையாகக் கேளுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவுக் கருவியால் சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். அளவு அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கின் முகத்தைச் சமமாக்க லேத்தில் கடைவதைப் பற்றிப் பேசவே கூடாது. கடைந்த பிறகும் அளவுக்குமேல் நிற்கும் என்றால் தாராளமாகக் கடையலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், வண்டி ஒருபுறமாக இழுக்கும். புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தெடுக்க வேண்டும். ஹப்பைக் கம்பித்தூரிகையால் தேய்த்த பிறகே டிஸ்க்கை ஏற்ற வேண்டும். பேட் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய பேடில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகும். புதுப் பேடுக்கு இடம்விடப் பிஸ்டனை உள்ளே தள்ளிய வண்டியில் முதல் இரண்டு மிதியில் பெடல் தரைவரை போகும். கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதையும் மாற்றிவிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து

பெரம்பூர் நண்பர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் பேடே போலி என்றால் மைக்ரோமீட்டர் என்ன செய்யும்? பாதி விலைக்குக் கிடைத்த பேடைப் பில் இல்லாமல் வாங்கினேன். அட்டைப்பெட்டி பெரிய கம்பெனியுடையதுபோலவே இருந்தது. நான்காவது மாதம் மழை நாளில், சுரங்கப்பாதைச் சரிவில் இறங்கும்போது 'டக்' என்றது, பெடல் ஆழமாக இறங்கியது. கைபிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றியபோது, உராய்வுப்பொருள் முழுவதும் பின்தகட்டிலிருந்து பிஸ்கட்டுபோலப் பெயர்ந்து தனியாக வந்தது; தகட்டில் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. பாடியில் பல பத்தாண்டுகளாகப் பிரேக் செய்யும் தொழிற்சாலை இயங்குகிறது, அம்பத்தூரில் பிரேக்குக்கான உராய்வு லைனிங் செய்கிறார்கள். நல்ல பொருள் பக்கத்திலேயே தயாராகும் ஊரில் இருந்துகொண்டு, சில நூறு ரூபாய்க்காகப் போலியை மாட்டினேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

மீண்டும் திருவொற்றியூரிலிருந்து

பெரம்பூர் நண்பர் சொன்னதற்காக, கழற்றிய பழைய டிஸ்க்கை எடுத்துப்போய் அளந்து வந்தேன். பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 20 மி.மீ. எட்டு இடங்களில் அளந்ததில் 19.58 முதல் 19.63 வரை இருந்தது. தடிமன் ஒரே சீராக இல்லை என்பதில் நீங்கள் சொன்னதே சரி. ஆனால் அது மாற்றியே ஆக வேண்டிய டிஸ்க் என்பதில் நானும் தவறவில்லை.

ஹப்பைத் தேய்த்த பிறகே புதிய டிஸ்க்கும் பேடும் போட்டிருக்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் மணலி விரைவுச் சாலையில் லாரி குறைவாக இருந்தபோது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முழுவதும் நிற்காமல், பத்து முறை பிரேக் பிடித்துப் புதிய பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பதப்படுத்தினேன். பெடல் ஒரே சீராக இறங்குகிறது, ஸ்டீயரிங் அசையவில்லை.