மாறின தோலுக்கும் மருந்தா?

மகளுக்கு 8 வயது. முழங்கை மடிப்பில் தொடங்கிய கரப்பன் (எக்சிமா) முழங்காலின் பின்பக்கத்துக்கும் வந்து, சோளகக் காற்று வீசி வீதிப் புழுதி வீட்டுக்குள் ஏறும் காலத்தில் ஒவ்வொரு வருடமும் கூடிவிடும். அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் கிறீம் பூசுவோம், பத்து நாளில் மாறும், டியூபை அலுமாரிக்குள் வைப்போம், மூன்று கிழமையில் அதே இடத்தில் திரும்ப நிற்கும். விடியப் பார்த்தால் படுக்கை விரிப்பில் சின்னச் சின்ன இரத்தப் பொட்டு.

கிளினிக்கில் தோல் டொக்டர், "எப்ப நிப்பாட்டுறனீங்கள்?" என்று கேட்டார். மாறினதும் என்றேன். அதுதான் பிழையாம். மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் தோலுக்குள் அழற்சி முழுதாக அடங்கியிருக்காது, ஆகவே வழமையாக வருகிற இடங்களில் மட்டும் கிழமைக்கு 2 நாள் அதே ஸ்டீரொயிட் கிறீமைத் தொடர்ந்து பூசச் சொன்னார். நாங்கள் செவ்வாயும் வெள்ளியும் பிடித்தோம், வீட்டில் மீன், இறைச்சி சமைக்காத நாட்கள், மறக்காது. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால், அவரின் விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். நான் முன்பு பயத்தில் பயறளவு எடுத்துக் கை முழுக்க இழுத்திருக்கிறேன்! வசலின் மட்டும் தினமும், குளித்த ஈரம் காய முதல்.

"மாறின தோலுக்கு ஏனடி மருந்து?" என்று அம்மா இன்னும் கேட்கிறா. ஆனால் போன சோளகத்தில் ஒரேயொரு தரம்தான் கிளம்பியது. அப்போது தினமும் பூசி, அடங்கினதும் பழையபடி இரண்டு நாளுக்கு வந்தோம்.

—

நான் வவுனியாப் பக்கம், எனக்குக் கண் இமையில் கரப்பன். அந்த இடத்தில் ஸ்டீரொயிட்டை நெடுநாள் பூசினால் தோல் மெலியும், கண்ணுக்கும் கூடாது என்று ஸ்டீரொயிட் இல்லாத டக்ரோலிமஸ் ஒயின்மென்ட் தந்தார்கள். அதுவும் இப்போது கிழமைக்கு 2 தரம்தான். முதல் நாலைந்து நாள் மிளகாய் அரைத்த கை பட்டதுபோல எரிந்தது, எறியத்தான் பார்த்தேன், பிறகு தானாக அடங்கிவிட்டது. வெயில் படாமல் பார்க்கச் சொன்னார்கள், சரி, வயலுக்குத் தொப்பியோடு போகிறேன்.

—

டொக்டரின் சீட்டு இல்லாமல் வாங்கிய கடும் கிறீமை ஒரு வருடம் நாள் தவறாமல் தொடையில் பூசினவன் நான். கரப்பன் போய்விட்டது, தோல் மெலிந்து விழுந்த கோடுகள் போகவில்லை. அக்கா, மகளுக்கு எவ்வளவு காலமாகப் பூசுகிறீர்கள்?

—

13 மாதம் தம்பி. இடைக்கிடை கொண்டுபோய்த் தோலைக் காட்டுகிறோம். இந்த முறை நிப்பாட்டிப் பார்ப்போமா என்று கேட்க இருக்கிறேன், சோளகம் முடியட்டும் என்றுதான் சொல்வார் போல.