ஓய்வும் இடமாற்றமும்: அதிகாலை ஜெபத்திற்கு வழிகாட்டுங்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டையில் 32 ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, கணவரோடு வாழ்ந்த வீட்டை விட்டு மகனுடன் கோயம்புத்தூரில் குடியேறியது முதல், 4 மாதங்களாக அதிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துவிடுகிறேன். மருத்துவர் பரிசோதித்து, இதயத்தில் குறையில்லை என்றார். சங்கீதம் 23-ஐயும் 121-ஐயும் தினமும் வாசிக்கிறேன்; வெள்ளிக்கிழமைகளில் உபவாசமிருந்தேன்; ஆயரிடமும் பேசினேன்.

பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் 4:6, கவலையை ஸ்தோத்திரத்தோடு கூடிய ஜெபமாக்கச் சொல்கிறது. எனக்கோ கண்களை மூடினாலே பழைய வீட்டு முற்றமும் வேப்பமரமும் முன்னே நிற்கின்றன; ஸ்தோத்திரம் நாவில் எழுவதில்லை. விசுவாசம் குன்றவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இத்தகைய மாற்றத்தைக் கடந்து வந்தவர்களே, அந்த அதிகாலை வேளையில் எந்த வேதப்பகுதியைக் கொண்டு, எவ்விதம் ஜெபித்து அமைதி பெற்றீர்கள்?