வீட்டு வேதவாசிப்பு: எண்ணாகமம் கடைசி வாரம்

சனிக்கிழமை

ஜெபா சித்தப்பா: இந்த வாரப் பகுதி எண்ணாகமம் 26 முதல் 36 வரை. முடித்தவர்கள் ஆளுக்கு ஒரு குறிப்பாவது போடுங்கள். வெறும் 🙏 போட்டுத் தப்பிக்கக் கூடாது.

டேனி: 26 முழுக்க கோத்திரவாரியாக ஆள் கணக்கு, ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி சித்தப்பா. ரூபன் 43,730, சிமியோன் 22,200... பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

பெனிட்டா: டேனி, முதல் அதிகாரத்தில் சிமியோன் எத்தனை பேர் என்று பார். 59,300! 26-க்கு முந்தின அதிகாரத்தில்தான், பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தை வணங்கியதால் வந்த வாதையில் 24,000 பேர் சாகிறார்கள். அப்போது குத்துப்பட்டுச் செத்த சிம்ரி சிமியோன் கோத்திரத்துப் பிரபு. எண்ணிக்கை குறைந்தது இதனால்தான் என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஜெபா சித்தப்பா: 👏 நல்ல குறிப்பு.

ரோஸ் அத்தை: அதே 26-ல் 33-ஆம் வசனத்தை யாராவது பார்த்தீர்களா? செலோப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள்.

அம்மா: அடுத்த அதிகாரத்தில் வந்து பங்கு கேட்கிறார்களே, அவர்கள்தானே மதினி?

ரோஸ் அத்தை: அவர்களேதான். ஆசரிப்புக் கூடார வாசலில், மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபை எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்டார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பேர் அழிந்துபோக வேண்டுமா, அவருடைய சகோதரர்களோடு எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று. இன்னும் யோர்தான் ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. கண்ணால் பார்க்காத நிலத்துக்குப் பங்கு! மோசேக்கே பதில் தெரியவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொல்லிவிட்டார்.

டேனி: செம! ஆனால் மகன் இருந்தால் மகளுக்குக் கிடையாதா?

ரோஸ் அத்தை: அந்தச் சட்டப்படி கிடையாது. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கன்னியாகுமரி 1956 வரைக்கும் மலையாளத்து ஆட்சிதானே. 1916-ல் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் போட்டார்கள். மகனுடைய பங்கில் கால் பாகம், இல்லையென்றால் 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம் கொடுத்தால் அதுவும் இல்லை. கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலே இல்லை.

பெனிட்டா: சொன்னாலே போதுமா?! 😳

பெனிட்டா: இதைத்தானே மேரி ராய் வழக்கில் உடைத்தார்கள், 1986-ல். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951-லேயே இங்கே வந்துவிட்டது, பழைய சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உயில் இல்லையென்றால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு.

ரோஸ் அத்தை: எனக்கு நகை போட்டார்கள், பாத்திரம் கொடுத்தார்கள். வடக்கு விளை, அந்தத் தென்னந்தோப்பு, தம்பிகள் இரண்டு பேருக்கும் போனது. நானும் வாய் திறக்கவில்லை.

ஜெபா சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

டேனி: என்ன சித்தப்பா அழித்தீர்கள்?

ஜெபா சித்தப்பா: எழுத்துப்பிழை. 36-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும் அக்கா. பெண்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் நிலம் கைமாறிவிடும் என்று பெரியவர்கள் முறையிட்டார்கள். அதுவும் சரி என்றுதான் தீர்ப்பு. ஐந்து பேரும் சித்தப்பா, பெரியப்பா மகன்களைத்தான் கட்டினார்கள்.

டேனி: ஐயோ, அது அண்ணன் தங்கை முறை!!

அம்மா: டேனி, சும்மா இரு. அவர்கள் ஊர் வழக்கம் வேறு.

ரோஸ் அத்தை: அதையும் வாசித்தேன் ஜெபா. யாரைக் கட்டினாலும் நிலம் அவர்கள் பேரில்தானே வந்தது? யோசுவா 17 பார். எலெயாசாரிடமும் யோசுவாவிடமும் போய், எங்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கட்டளை இருக்கிறது என்று மறுபடி கேட்டுத்தான் வாங்கினார்கள். கர்த்தரே சொன்ன பிறகும் இந்த நடை.

பெனிட்டா: 🔥🔥

ஜெபா சித்தப்பா: செவ்வாய்க்கிழமை விளையில் தேங்காய் வெட்டு இருக்கிறது அக்கா. ஒரு சாக்கு அனுப்பி வைக்கிறேன்.

ரோஸ் அத்தை: தேங்காய் இருக்கட்டும். பாகப்பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா: அது எங்கள் பீரோவில்தான் இருக்கிறது மதினி. நாளைக்கு ஆராதனை முடிந்து சாப்பிட இங்கே வாருங்கள், எடுத்து வைக்கிறேன்.

ஜெபா சித்தப்பா: அடுத்த வாரம் உபாகமம் 1 முதல் 11 வரை.